வள்ளம் தள்ளின தோள்

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி, ஒரு சனிக்கிழமை. பிலிப்பு இரண்டாம் கோப்பைச் சோற்றையும் வழித்துத் தின்றான். குளிசை விழுங்கத் தொடங்கிப் பதினேழு நாள். முகம் உப்பி வட்டமாகியிருந்தது. ஆள் தேறிவிட்டான் என்றது நெடுந்தீவுச் சனம்.

"பாரும், றோஸ். இது சாகப்போற ஆளின்ரை தீனோ?"

மனைவி றோஸ் வெறுங்கோப்பையை எடுத்தாள். பசியைக் கிளப்புவதும் முகத்தை உப்பவைப்பதும் குளிசைதான் என்று யாழ்ப்பாணத்து டொக்ரர் அவளுக்குச் சொல்லியிருந்தார். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு வழி இருந்தது. குளிசையை வீட்டிலிருந்து விழுங்கலாம், உயிர் சில மாதம் இழுக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இரத்தம் தெளியும். மற்றது கொழும்பில் ஏழு நாள் நரம்பில் ஏற்றும் கடும் மருந்து. அது நோயோடு நல்ல இரத்தத்தையும் அடித்துப்போடும். பத்தில் ஐந்து பேருக்குத் தெளியும்; இரண்டு மூன்று பேர் அந்த மாதமே காய்ச்சல் வந்து வார்ட்டிலேயே முடிந்துபோவார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"திங்கள் நான் வலைக்குப் போறன்" என்றான் பிலிப்பு.

றோஸின் தமையன் சில்வெஸ்ரர் படலை வாசலில் நின்றான். "விசரே உனக்கு, மச்சான்? கொழும்புக்குப் போ."

"போய்? பெட்டியிலை திரும்பி வரவோ? குளிசை ஆரையும் ஒரு மாதத்திலை கொல்லேல்லை."

"குளிசை போட்டு ஆர் கிழவனானவன்? சொல்லு பாப்பம்."

"உனக்கென்ன, அந்தக் கட்டிலிலை படுக்கப்போறது நீயே?"

சில்வெஸ்ரர் படலையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.

பின்னேரம் வள்ளங்கள் வந்தன. வள்ளத்தைக் கரையேற்றும்போது கை கொடுக்காமல் நிற்கிற ஆம்பிளை அங்கே இல்லை. பிலிப்பு சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வள்ளத்து மரத்தில் தோளைக் கொடுத்தான்.

"வருத்தக்காரன் தள்ளுறான், உங்களுக்கென்னடா கேடு?" என்று யாரோ சிரித்தான். றோஸ் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

விடிய அவன் பாயை விட்டு எழும்பவில்லை. தோளிலிருந்து நெஞ்சு வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. பல்முரசிலிருந்து வடிந்த இரத்தம் தலையணையில் காய்ந்து கிடந்தது. அடி ஒன்றும் படவில்லை. மரம் அழுத்தின இடம், அவ்வளவுதான்.

"தொடாதையும்" என்றான். பல் தந்தியடித்தது. காய்ச்சலோ என்று அவள் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பயம்தான். வாடைக்காலத்தில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிதந்து, கரைக்கு வந்ததும் பீடி கேட்டவன் இவன்.

"றோஸ்... அந்த மருந்து ஏத்தேக்கை உம்மைப் பக்கத்திலை இருக்க விடுவினமோ?"

"விடாட்டி வாசலிலை கிடப்பன்."

"செத்துப்போனால்?"

அவள் பாயோரத்தில் குந்தினாள். "இஞ்சை கிடந்தாலும் அதுதானே" என்றாள்.

அவன் கண்ணை மூடினான். "சரி. வாறன் எண்டு சொல்லும்."

சில்வெஸ்ரர் ஓடிப்போய் அக்கரை போகும் லோஞ்சை மறித்தான். பிலிப்புவைத் தூக்க வந்தவர்கள் குனிந்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள். எங்கே பிடித்தாலும் கறுக்கும் என்ற பயம். கடைசியில் பாயின் நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு வீடு தாண்டவில்லை, பிலிப்பு உதறி எழும்பப் பார்த்தான்.

"செத்தவனைப்போலை படுக்கவைச்சுக் கொண்டுபோகாதேங்கோடா! என்னை இருத்துங்கோ, இருத்துங்கோ!"

பாயை இறக்கினார்கள். றோஸ் அவனுடைய முதுகுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, அவன் சாய்ந்து இருக்கத் தோளைக் கொடுத்தாள்.