செல்வலட்சுமியின் வலது கை

தசரதனுக்குப் பொறாமை வந்த நாள் எதுவென்று கேட்டால் அவனே சரியாகச் சொல்வான். ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஒரு ஜப்பான்காரர் கடைக்குள் வந்து, அவனைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. பத்தொன்பது வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறவன் முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் தேடியது ஒன்றரை வருடத்துக்கு முன் பேட்டரி மாற்றுகிற வேலைக்கு வந்து சேர்ந்த செல்வலட்சுமியை. வயிறு எரியுமா, எரியாதா? எரிந்தது.

கடை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு லாட்ஜின் கீழே இருந்தது. முதலாளி ஃபிரடிக்கு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரியாது. ஆனால் ஒரகடம் கம்பெனிகளில் இருக்கிற கொரியாக்காரர்களையும் ஜப்பான்காரர்களையும் பிடித்து, அவர்கள் கட்டியிருக்கும் பேட்டரி இல்லாத, ஸ்பிரிங்கில் ஓடுகிற உயர்ந்த ரகக் கடிகாரங்களைக் கடைக்கு வரவழைக்கத் தெரியும். வேலையை இரண்டு பேர் செய்தார்கள். ஜன்னல் ஓரம் தசரதன், சுவர் ஓரம் செல்வலட்சுமி.

அவள் ஏழு வருடம் செல்போன் கம்பெனியில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கேமரா பொருத்தியவள். முப்பத்தைந்து தாண்டியதும் லைனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே போன வேலையோடு கை போய்விடவில்லை. கடிகாரத்துக்குள் ஹேர் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு, தலைமுடியை விட மெல்லிசான சுருள். கடிகாரம் கீழே விழுந்தால் அது கோணிக்கொள்ளும். பழைய மாடலுக்குப் புதுசு கிடைக்காது. இரண்டு ட்வீசரால் சுற்றுச் சுற்றாகப் பிடித்து நிமிர்த்த வேண்டும், ஒரு பெருமூச்சு போதும் எல்லாம் போய்விடும். செல்வலட்சுமி அதைத் தானாகவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பூத்தொடுப்பது மாதிரி சாதாரணமாகச் செய்தாள். தசரதன் ஐந்துக்கு இரண்டைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் மங்கிவந்தது. ஒரே வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி பவரை மாற்றிக்கொண்டதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்து ஃபிரடி வந்து குண்டைத் தூக்கிப் போட்டான். "தீபாவளிக்கு அப்பால கடைய ஒரகடத்துக்கு ஷிப்ட் பண்றேன். டஸ்ட் ஃப்ரீ ரூம், ஏசி, எல்லாம். ஆனா ஒரே சீட்தான். ரெண்டு பேர்ல யாருன்னு வேலைய பாத்துட்டு சொல்றேன்."

யார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்தது. ஐம்பத்தொரு வயதில், மங்கின கண்ணோடு, வேறு எந்தக் கடை தன்னைச் சேர்க்கும் என்று தசரதன் யோசித்தான். அவளுக்காவது மறைமலை நகரில் வெல்டிங் வேலை பார்க்கிற புருஷன் இருக்கிறான். இப்படி ஒரு நியாயத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கெட்ட காரியம் செய்யப்போகிறவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

அவன் மேசையில் ஒரு நீலப் பெட்டி உண்டு. மோட்டார் லைனில் வேலை பார்க்கிறவர்களின் கடிகாரத்தில் காந்தம் ஏறி, ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடும். அதைப் பெட்டிமேல் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் காந்தம் இறங்கிவிடும். இரண்டு விநாடி வேலை. தசரதன் கடிகாரத்தை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து, பெரிய வித்தை செய்ததுபோல் திருப்பிக் கொடுப்பான். ஒருநாள் அவள், "அது இன்னாண்ணா?" என்று கேட்டதற்கு, "பழைய சார்ஜரும்மா" என்று சொல்லிவைத்திருந்தான். ட்வீசரிலும் கடிகாரத்திலும் காந்தம் ஏறும் என்கிற விஷயமே அவளுக்குத் தெரியாது. செல்போன் லைனில் கொடுத்த ட்வீசர் காந்தம் ஏறாத ரகம், இந்தக் கடையில் இருந்தது சாதா இரும்பு.

ஆவணியில் ஒரு மதியம், அவள் டிபன் டப்பா கழுவப் பின்பக்கம் போனபோது, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அவளுடைய இரண்டு ட்வீசரிலும் ஏழெட்டுத் தடவை தேய்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கடுகில் கால்வாசி இருக்கிற ஸ்க்ரூவை எடுத்தாள். வைக்க வேண்டிய இடத்தில் விட்டாள். அது விழவில்லை, ட்வீசரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினாள், எங்கோ துள்ளிப் போயிற்று. ஹேர் ஸ்பிரிங்கைத் தொடும் முன்பே அது தாவி வந்து முனையைப் பற்றிக்கொண்டு சிக்கலாகியது. செல்வலட்சுமி கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ட்வீசரைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

அதைக் கண்டதும் தசரதனுக்கு வழி முழுசாகத் திறந்துவிட்டது.

தினமும் செய்தால் சந்தேகம் வரும் என்று, வாரத்தில் ஒருநாள் அவளுடைய ட்வீசரை நீலப் பெட்டியில் வைத்துச் சுத்தமாக்கிவிடுவான். அன்றைக்கு அவள் கை பழையபடி ஓடும். முகம் மலர்ந்து, "இன்னிக்கு பரவால்லண்ணா" என்பாள். மறுநாள் மதியம் மறுபடி காந்தம். கைக்காசில் புது ட்வீசர் வாங்கிவந்தாள், அதிலும் அன்று மதியமே காந்தம் ஏறியது. அவள் சொதப்பினதை, "குடும்மா, நான் பாக்கறேன்" என்று வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்து, ஐந்து நிமிடத்தில் சரிசெய்து நீட்டுவான். அவள் கண் கலங்கும். ஃபிரடியிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டான். சொல்லாமல் இருப்பதே போதுமென்று அந்தப் பாவிக்குத் தெரிந்திருந்தது.

"டென்ஷன் ஆவாதம்மா," என்றான் ஒருநாள், அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிவைத்து. "எங்க பெரியப்பாவுக்கும் இப்டிதான் ஸ்டார்ட் ஆச்சு. மொதல்ல சின்னச் சின்ன சாமான் நழுவும். ரெண்டு வருஷத்துல டம்ளரே புடிக்க முடியல."

அவனுக்குப் பெரியப்பாவே கிடையாது.

அவள் டாக்டரிடம் போய்வந்தாள். "ஒண்ணுமில்லன்னுட்டாருண்ணா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? ஹேர் ஸ்பிரிங் புடிக்கிற கைய ஊசி போடறவங்களால அளக்க முடியுமா?"

அவளும் தலையாட்டினாள். சோற்றைப் பிசையும்போதுகூட விரல்களையே கவனிக்க ஆரம்பித்தாள். ஐப்பசி பிறந்ததும் அவளாகவே ஃபிரடியிடம் போய், "எனக்கு கை சரியில்ல சார். சீட்ட தசரதண்ணனுக்கே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாள். போகிற அன்று தசரதனுக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தாள். "என் தப்பையெல்லாம் நீங்க மூடி மறைச்சீங்கண்ணா. யாரு செய்வாங்க?" என்றாள். அவன் மைசூர்பாகை வீட்டுக்கு எடுத்துப் போனான், எல்லோரும் தின்றார்கள்.

ஒரகடத்துக் கண்ணாடி அறை ஜோராக இருந்தது. ஆனால் அவள் பார்த்த வேலையும் இவன் தலையில்தான் விழுந்தது. முதல் மாதத்திலேயே மூன்று ஹேர் ஸ்பிரிங் நாசம். அதில் ஒன்று கொரியாக்காரர் ஒருவருக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது. அந்த மனிதர் அறைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிராயரில் இன்னும் ஒன்பது காத்திருந்தன. ஃபிரடி வந்து, "பொங்கலுக்குள்ள முடிங்க. முடியலன்னா சொல்லிடுங்க, மெட்ராஸ்ல ஒரு ஆள கேட்டு வச்சிக்கிறேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தசரதன் ஒன்பது கடிகாரங்களையும் பையில் போட்டுக்கொண்டு படப்பையில் செல்வலட்சுமியின் வீட்டுக்குப் போனான். மனசு உறுத்தித்தான் போனான் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனசு. அவனுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் வீட்டிலிருந்தபடி ரகசியமாகச் செய்து கொடுத்தால் கூலியில் பாதி தரலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

புது மனைப் பிரிவில், பூசாத சுவரோடு இரண்டு அறை வீடு. செல்வலட்சுமி இப்போது ஒரு கம்பெனியில் தரை துடைக்கப் போகிறாள். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஏய், எழுந்து நில்லு. நான் சொல்லுவேன்ல, தசரதண்ணன்," என்று மகளை எழுப்பினாள். பள்ளிக்கூடத்துப் பெண், எழுந்து கும்பிட்டது.

விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிப்பு நின்றது. "என்னால ஆவாதுண்ணா. கை ஆடுது. உங்களுக்குத் தெரியாததா?"

கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னான். காந்தம், ட்வீசர், நீலப் பெட்டி, வாராவாரம் ஒருநாள், இல்லாத பெரியப்பா, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான். "உன் கைக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் நான் பண்ணது," என்றான். பையிலிருந்து ஒரு கடிகாரத்தைத் திறந்து, சுத்தமான ட்வீசரை அவளிடம் நீட்டினான். "நீயே புடிச்சுப் பாரு."

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். செல்வலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

கை ஆடியது. தசரதன் பார்த்தான். இந்தத் தடவை காந்தம் இல்லை, ஒன்றும் இல்லை. விரலிலிருந்து மணிக்கட்டு வரை, நிஜமாகவே, வெடவெடவென்று ஆடியது. ட்வீசர் முனை சுருளில் இடித்தது, ஹேர் ஸ்பிரிங் கசங்கிப் போயிற்று. அவள் இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அப்போதும் நிற்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள். கோபம் துளியும் இல்லை. "எனக்குத் தெரியும்ணா. என்னத் தேத்தணும்னு உங்க மேலயே பழியப் போட்டுக்கறீங்க. கூடப் பொறந்தவங்ககூட இப்டி செய்யமாட்டாங்க."

"இல்லம்மா, நெஜமா..."

"வுடுங்கண்ணா. எட்டு மணி நேரம் பக்கத்துலயே ஒக்காந்துகினு, கூட டீ குடிச்சுகினு, ஒருத்தி கைய கெடுக்கறதுக்குன்னே தெனமும் வேல செய்வாங்களா? நீங்களே சொல்லுங்க, அப்டி ஒரு மனுஷன் இருப்பானா?"

அவள் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தாள். மகளும் பார்த்தாள். தசரதன் ஸ்பிரிங் கசங்கின கடிகாரத்தை மூடிப் பைக்குள் வைத்தான்.

"இருக்கமாட்டான்மா," என்றான்.

"அதான்," என்று சொல்லி, அவனுக்கு இலை போட எழுந்து போனாள்.