முதலை தின்ற ஒரு மீட்டர்

அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் பழனிசாமியை முதலை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் பென்ஷன் புத்தகத்திலும் மட்டும் குடியிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் ரோடு போடும் இலாகாவில் டேப் பிடிக்கிற ஆளாக இருந்தார். ஒருநாள் பாலம் கட்டுவதற்காக ஓடைக்குக் குறுக்கே அளந்துகொண்டிருந்தபோது, சேற்றிலிருந்து ஒரு முதலை எழுந்து வந்தது. முப்பது மீட்டர் டேப்பின் தலைப்பக்கத்தில் சரியாக ஒரு மீட்டரைக் கடித்து விழுங்கிவிட்டுப் போனது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்று என்று போட்டிருந்த கோட்டில் பல்லை வைத்துக் கடித்ததாம். இலாகாவில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற ஆள் கிடையாது என்று அப்போதைய என்ஜினீயர் முதலையைப் பாராட்டினார். பழனிசாமி இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பைலில் சேர்த்தார்.

புது டேப் கேட்டு மெயின்லேண்டுக்குக் கடிதம் போயிற்று. பதில் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? அறுந்த நுனியில் ஒரு பித்தளை வளையத்தை மாட்டி அதே டேப்பை வைத்து அளந்தார்கள். வளையம் ஒன்றில் ஆரம்பிப்பதால், அளக்கிறவன் “ஏக் காட்!” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கழி என்று அர்த்தம். டேப் ஏழு காட்டினால் நிஜத்தில் ஆறு.

இப்போது பழனிசாமி ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். அவருடைய ஜோடி அழகையா இன்னும் அதே டேப்போடு அதே இலாகாவில் இருந்தான். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, பிறகு போர்ட் பிளேருக்கு வந்த குடும்பம் அவனுடையது. இருவர் வீடும் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக இருந்தன. ஊரில் மனிதர்களைவிட வண்டிகள் பெருகிவிட்டதால் அந்த ரோட்டைப் பன்னிரண்டு மீட்டராக அகலப்படுத்தப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. நடுவில் ஆணி அடித்து, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.

பழனிசாமி வீட்டில் ஆறு மீட்டருக்குச் சுற்றுச்சுவர் போகும். அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி மழைத்தண்ணீர்த் தொட்டி. அதைத் தொட்டால் அவர் மனுஷனாக இருக்க மாட்டார். கோடையில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் அது. சுற்றிலும் கடல் இருந்தும், கட்டுகிறதற்கு மணல் கிடைக்காது. இரண்டு வருஷம் கடற்கரைக்குப் போய்வந்த ஆட்களையெல்லாம் வாசலில் நிறுத்தி, கால்சட்டை மடிப்பை உதறச் சொல்லித்தான் அவர் அந்தத் தொட்டிக்கு மணல் சேர்த்தார். அதனால் முதல் ஒரு வருஷம் மனைவி மரகதம் சாம்பாருக்கு உப்புப் போடவேண்டிய அவசியமே வரவில்லை.

அளவெடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அழகையா வந்து திண்டில் உட்கார்ந்தான்.

“அண்ணே, என்ஜினீயர் ஷோபனா மேடம் புதுசு. போன மாசம்தான் கப்பல்ல வந்து எறங்கினாங்க. டேப்புக்குத் தலை இல்லைங்கிறது அவங்களுக்குத் தெரியாது.”

“அதனால?”

“நான் ஏக் காட் சொல்ல மாட்டேன். ஆறுன்னு பெயிண்டு அடிப்பேன், நெசத்துல அஞ்சுதான் இருக்கும். ஒங்க செவரும் தப்பும், எஞ்செவரும் தப்பும்.”

“பாவம்டா, கவர்மெண்டு ரோடு.”

“ரோட்டுக்கு என்னண்ணே, அதுவா குடும்பம் நடத்துது? நீங்க வாயைத் தெறக்காம வாசல்ல நின்னாப் போதும்.”

பழனிசாமிக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. சுவரைப் பார்த்தார், உறுத்தல் நின்றுவிட்டது.

அளவெடுக்கும் நாள் வந்தது. ஷோபனா குடையின் கீழே நின்று நோட்டில் எழுதினாள். அழகையா நடு ஆணியில் வளையத்தை மாட்டிவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு முதலில் தன் வீட்டுப் பக்கம் போனான். குரல் கொடுக்கவில்லை. “ஆறு, மேடம்ஜி!” என்று மட்டும் சொல்லிச் சிவப்பு பெயிண்டை அடித்தான். அவன் சுவர் தப்பியது. பழனிசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் அழகையா நடு ஆணியைப் பிடுங்கினான். அதைத் தன் பக்கத்துச் சிவப்புக் குறியில் அடித்தான். அங்கே வளையத்தை மாட்டி, ரோட்டைக் குறுக்கே கடந்து பழனிசாமியை நோக்கி நடந்து வந்தான். வரும்போதே தொண்டை கிழியக் கத்தினான்.

“ஏக் காட்!”

அழகையா அவரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி உள்ளே போனான். சிவப்பு பெயிண்டு தொட்டியின் வயிற்றில் விழுந்தது.

“அது என்னங்க, ஏக் காட்?” என்றாள் ஷோபனா.

“தலை போன டேப்பு மேடம்ஜி. ஒண்ணு கழிக்கணும். பதிமூணு காட்டுது, பன்னெண்டு.”

“உங்க பக்கமும் கழிச்சீங்களா?”

“கழிக்காம இருப்பேனா? பதினஞ்சு வருஷ சர்வீஸ்.”

“பொய்!” என்றார் பழனிசாமி. “அங்க அவன் கழிக்கல மேடம். அஞ்சு மீட்டர்தான் விட்டிருக்கான். எம் பக்கம் ஏழு எடுத்துட்டான்!”

ஷோபனா நியாயமான பெண். உடனே மறுபடி அளக்கச் சொன்னாள். ஆனால் பழைய ஆணி இருந்த இடம் எது? ஓட்டையைத் தேடலாம் என்றால், அந்த ரோட்டில் ஓட்டை இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். அதுவும் வளைவான இடம், முன்பின் ரோட்டைப் பார்த்து நேர்க்கோடு பிடிக்கவும் வழியில்லை. ஆகவே இரண்டு சிவப்புக் குறிகளுக்கும் நடுவே புது ஆணி அடித்து அளந்தார்கள். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கணக்கு அவ்வளவு அழகாக வந்தது.

“ஆணி அங்க இல்ல மேடம், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி இருந்துச்சு!”

கூட்டத்தில் டீக்கடை முத்துராஜ் சிரித்தான். “அதையும் முதலை தூக்கிட்டுப் போயிருச்சா அண்ணே?”

தெருவே சிரித்தது. அழகையாவும் சிரித்தான். அதைத்தான் பழனிசாமியால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் முதலையே கிடையாது. அன்றைக்குப் புதர் வெட்டுகிற கத்தியை வீசி, கவனக்குறைவாக டேப்பை இரண்டாக்கியது அழகையா. அப்போது அவன் டெம்பரவரி, வேலை போயிருக்கும். காலைப் பிடித்து அழுதான். “இந்த ஒரு மீட்டரை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேண்ணே” என்றான். அவனுக்காகத்தான் பழனிசாமி ஒரு முதலையைப் பெற்று, பதினோரு வருஷம் வளர்த்தார்.

அவர் வீட்டுக்குள் ஓடினார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் சுருள் ஒன்றை எடுத்து வந்து ஷோபனாவின் கையில் கொடுத்தார். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை, ஒரு பல் தடம் இல்லாத, கத்தி வெட்டிய சுத்தமான ஒரு மீட்டர்.

“இந்த டேப்பை முதலை கடிச்சுதுன்னு பைல்ல மூணு பக்கம் எழுதிக் கொடுத்தேன் மேடம். முதலை பொய். இவன் வெட்டினது. இவனைக் காப்பாத்த நான் கட்டின கதை.”

ஷோபனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ பைல்ல நீங்க எழுதிக் கொடுத்த மூணு பக்கம்?”

“பொய்.”

“கையெழுத்துப் போட்டு?”

“ஆமா.”

“சரி. இப்போ சொல்றது?”

அழகையா தலையைக் குனிந்து, மிகுந்த அக்கறையோடு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மறு வாரம் ஜேசிபி வந்தது. இரண்டு வருஷம் சேர்த்த தொட்டியை, பீடி பற்றவைக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. தண்ணீர் ரோட்டைக் கடந்து, நேராக அழகையா வீட்டு வாசலுக்குப் போய் நின்றது. அதற்குக்கூட யார் பக்கம் என்று தெரிந்திருந்தது.

ரோடு வேலை முடிந்து, குழாய் வராத ஒருநாள் காலை, அழகையா இரண்டு வாளி தண்ணீரோடு எதிரிலிருந்து வந்தான்.

“அண்ணே, பானி.”

“ஏண்டா அப்படிச் செஞ்சே?”

அவன் ஒளிக்கவில்லை. “ரெண்டு செவரும் தப்பிச்சா ரோடு பத்து மீட்டர்தானேண்ணே? மேடம் குறுக்க அளக்காம விடுவாங்களா? எனக்கு அது மொதல்லயே தெரியும்.”

“தெரிஞ்சுமா எஞ்செவரும் தப்பும்னு சொன்னே?”

“சொல்லலேன்னா நீங்க அன்னைக்கு எம் பக்கம் அளக்கிறப்போ சும்மா நின்னிருப்பீங்களா?”

சொல்லிவிட்டு வாளிகளை வைத்துவிட்டுப் போனான். பழனிசாமி அவற்றைக் காலால் தட்டிவிட நினைத்தார். அதற்குள் மரகதம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாளாகத் துவைக்காத துணி கிடந்தது.

காலி வாளிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. பழனிசாமி அவற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அழகையா வாசல் வரை போகவில்லை. ரோட்டில் ஓரிடத்தில் நின்று, காலால் தடவிப் பார்த்து, பழைய ஆணி இருந்த இடத்தில் இரண்டையும் வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

அபர்டீன் பஜாரிலிருந்து வந்த ஒரு ஆட்டோ கிரீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“அரே, முதலை அண்ணே! நடு ரோட்டுல வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, நடுவுலயாவது வைக்கக் கூடாதா? ஒரு மீட்டர் தள்ளி வெச்சிருக்கீங்க!”

டாலிகஞ்சில் அந்த ரோட்டைச் சரியாக அளந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் டேப்கூட இல்லை.