முள் காட்டாத எடை

எறையூர் ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிற ராசாங்கத்துக்குத் தன் எடை மட்டும் சரியாகத் தெரியாது. வண்டி வராத நேரத்தில் எடைமேடையில் ஏறி நிற்பான். முள் தொண்ணூறைக் காட்டும். டன் டன்னாகக் கரும்பு பார்த்த முள் அது. பத்து கிலோவுக்குக் குறைந்த சில்லறையெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. முப்பத்துநாலு வயதில் தொந்தி சட்டைப் பித்தானோடு மல்லுக்கு நின்றது. அதுவரை அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

கவலைப்பட வைத்தது எண்பதாம் வருஷத்து ஆடிப்பெருக்கு. அவன் மனைவி வேம்புக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. சமதரையில் கோலை ஊன்றி நடந்துவிடுவாள். படி இறங்க முடியாது. பிறந்த ஊர் திருமழபாடி. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாணத்துக்கு முன்பு அவள் அண்ணன் தூக்கிப் போய் ஆற்றில் இறக்கிவிடுவான். அந்த வருஷம், “நான் இருக்கேன்ல” என்று ராசாங்கம் மார்தட்டிக்கொண்டு தூக்கினான். படித்துறையின் நாலாவது படியில் மூச்சு முட்டியது. ஐந்தாவதில் முழங்கால் மடங்கி இரண்டு பேரும் உருண்டார்கள். வேம்புக்கு முழங்கையில் தோல் உரிந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள், “இனிமே நான் ஆத்துக்கு வரலைங்க” என்றாள். கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அவளோ சிரித்த முகமாகச் சொன்னாள். அது அவனைப் பல நாள் தூங்கவிடவில்லை. அடுத்த ஆடிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கியே தீருவது என்று முடிவு செய்தான்.

தை பிறந்ததும் அரியலூருக்குப் போய் வீரமுத்துவைப் பார்த்தான். கூடப் படித்தவன், இப்போது பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். மெட்ராஸில் ஜிம்னாஸ்டிக் கற்றுக்கொண்டு வந்து, பாரில் தலைகீழாக நின்று காட்டுகிற ஆள்.

“எடுத்த எடுப்புல கர்லாக்கட்டையத் தூக்கிறாத. மொதல்ல ஒன் ஒடம்ப நீ தூக்கு. அப்பறம் பொண்டாட்டியத் தூக்கலாம்” என்றவன், ஒரு முழுத்தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதினான். திங்கள், புதன், வெள்ளி: சுவரில் கை வைத்துத் தண்டால், அரை பஸ்கி, மரக்கிளையில் தொங்கல். நடுவிலுள்ள நாட்களில் நடை. வாரத்துக்கு இரண்டிரண்டாக மட்டும் கூட்ட வேண்டும். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி கேழ்வரகு அடை. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வேண்டும். “அத மட்டும் நீ நல்லாவே செய்வ” என்றான்.

வேம்பிடம், “ஆலையில டாக்டரு ஒடம்பக் கொறைக்கச் சொல்லிட்டாரு” என்று ராசாங்கம் ஒரு புளுகு புளுகினான். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கொல்லையில் புங்கமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து எண்ணுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் நாள் கிளையில் தொங்கியவன், பத்து எண்ணுவதற்குள் பொத்தென்று விழுந்தான். ஒரு மாதத்தில் முப்பது வந்துவிட்டது. பெருமை தாங்காமல் வீரமுத்துவை வரவழைத்தான். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்: அவள் முப்பது எண்ணி முடிக்கப் பதினைந்து விநாடிதான் ஆகியிருந்தது.

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். “அவரு மொகம் போற போக்கப் பாத்தா நம்பரு தானா ஓடுதுண்ணே.”

அது கிடக்கட்டும், உடம்பாவது இறங்கியதா? அதுவும் இல்லை. இடுப்பு வார் பழைய ஓட்டையிலேயே நின்றது. காலையிலிருந்து என்னென்ன வயிற்றுக்குள் போகிறது என்று வீரமுத்து விசாரித்தான். கூழ், சோறு, அடை எல்லாம் அட்டவணைப்படிதான்.

“ஆலையில?”

“ஒண்ணுமே தொடறதில்லப்பா. கரும்புப்பால் மட்டுந்தான்.”

“எவ்ளோ?”

“அது கெடக்கும் ஒரு நாலஞ்சு சொம்பு.”

வீரமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில் அங்கே எல்லாரும் அதைத் தண்ணீர் மாதிரிக் குடிப்பார்கள். அதைச் சாப்பாட்டில் சேர்க்க வேண்டும் என்று எவனுக்குத் தோன்றியது?

சொம்பை விட்ட பிறகு உடம்பு கேட்டது. பங்குனியில் சட்டை தொளதொளத்தது. வைகாசியில் ஒருநாள் தொங்கியபடியே உடம்பை மேலே இழுத்து, மோவாயைக் கிளைக்கு மேல் கொண்டுபோனான். ஒரே ஒரு தடவைதான். வேம்பு எண்ண மறந்து கைதட்டினாள். அவளும் அந்த மாதங்களில் தன் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். “வெளுத்து வெளுத்து துணி லொடலொடன்னு போச்சுங்க” என்றாள். ஆம்பிளைக்கு அது போதாதா, நம்பிவிட்டான். எல்லா வீட்டையும் போல அந்த வீட்டிலும் அவன் சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் அவள் உட்காருவாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. “போன வருஷம் பட்டது போதாதா?” என்றவளை விடாமல் கிளப்பினான். அரியலூரில் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறிக் காசு போட்டான். எழுபத்தேழு என்று அட்டை விழுந்தது. “நீயும் ஏறு” என்றான்.

“கோலையும் சேத்துக் காட்டும். வேணாம், வாங்க” என்று அவள் கோலை ஊன்றி அவசரமாக நகர்ந்துவிட்டாள்.

திருமழபாடிப் படித்துறையில் கூட்டம். போன வருஷத்து முகங்கள் சில இருந்தன. ராசாங்கம் காலை அகட்டி, அரை பஸ்கியில் இறங்கி, ஏழு மாதத்துப் பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினான். வெறும் முறத்தைத் தூக்கினாற்போல் அவள் மேலே வந்தாள். ஓரடி பின்னால் தள்ளாடிப் போனான். அவன் விரல்களுக்கு அவள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. பதினெட்டுப் படியும் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அவளை நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

“வேம்பு, நீ என்ன சாப்புடுற?”

“நீங்க சாப்புட்டப்பறம் சாப்புடுறேன்.”

“என்னன்னு கேட்டேன்.”

அவள் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். “மத்தியானம் ரெண்டு வாய். ராத்திரி வெறும் சோத்து நீத்தண்ணி. நீங்க எதுக்கு மரத்துல தொங்குறீங்கன்னு மொத நாளே எனக்குத் தெரியும். என் கனந்தானே உங்கள விழவச்சுது? எல்லாரும் சிரிச்சாங்க. அதான் நீங்க பாதி, நான் பாதின்னு…”

“என் தொந்திடி விழவச்சுது! நீயில்ல!” என்று கத்தினான். அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவ்வளவு ஆசையும் வந்தது. ஆற்றுக்குள் நின்று, ஊர் பார்க்க, அழுதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கரையில் மாமியார் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கு முதல் இலை போட்டாள். அவன் அந்த இலையை வேம்பு பக்கம் நகர்த்தினான்.

“மாப்ள, மொதல்ல நீங்க…”

“நான் அப்பறம் சாப்புடுறேங்க” என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வேம்பு வெட்கத்தோடு ஒரு வாய் எடுத்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது வாய், பிறகு மூன்றாவது.

“ஒண்ணு” என்று மூன்றுக்கும் சேர்த்து எண்ணினான் ராசாங்கம்.