தலை கிழக்கே

குழியின் குறுக்கே போட்டிருந்த பலகைகளில் பெட்டியை இறக்கியதும் போதகர் ரமேஷ் கையை உயர்த்தினார். தூக்கி வந்த ஆறு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். பேராயர் வசந்தகுமார் உயிரோடிருந்தபோதும் லேசான ஆளில்லை.

"அக்கா, ஐயாவை எந்தப் பக்கம் வைக்கிறது?"

கேள்வி மகள் ரோஹிணிக்கு. சபை மக்களைத் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைப்பது முறை. உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் முகம் கிழக்கே இருக்கும். குருமாரை மட்டும் திருப்பி, தலை கிழக்கே வைப்பார்கள். எழுந்ததும் அவர்கள் தங்கள் மந்தையைப் பார்க்க வேண்டுமாம்.

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்று ஜோசபின் முன்னால் வந்தாள். கோந்த்வாவில் எதிர்வீட்டுக்காரி, பேராயர் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை அறிந்தவள். "என் காதால கேட்டேன். 'எல்லாரையும் போல என்னையும் கிழக்கப் பாத்து வையி'ன்னு சொன்னாவ. என்ன தாழ்மை!"

காலையிலிருந்து இந்தத் தாழ்மை கூட்டம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது. நிக்டி சபையிலிருந்து வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொத்தமல்லி வாங்கக்கூட ஊதாச் சட்டையும் சிலுவையும் இல்லாமல் படியிறங்காத மனிதருக்குத் தாழ்மை எப்போது வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரோஹிணிக்குத் தெரியும். குழி அம்மாவின் கல்லறைக் கால்மாட்டில்தான் இருந்தது. கிழக்கே பார்த்து வைத்தால் அம்மாவுக்கு முதுகு. திருப்பி வைத்தால் நேருக்கு நேர்.

அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. பேராயர் மோதிரத்தால் மேசையில் இரண்டு தட்டு. அம்மா வந்து நிற்பாள். அம்மாவுக்கு மூச்சு திணறிய அன்றுதான் அவள் முதல்முறையாக, "இன்னைக்குப் போவாதிய" என்றாள். நிக்டியில் திடப்படுத்தல் ஆராதனை, தலையில் கைவைத்து ஆசி தரணும், பிள்ளைகள் காத்திருக்கும் என்று இவர் காரில் ஏறினார். திரும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள்.

தட்டுவதை அதன்பிறகும் விடவில்லை. கடைசி நாட்களில் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ரோஹிணி ஓடினால், "உன்ன இல்ல" என்பார். அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். ஒருநாள் உள்ளிருந்தே சொன்னார்:

"வந்து நிக்கா. ஒண்ணும் பேச மாட்டேங்கா. எல்லாரையும் போல என்னையும் கிழக்கப் பாத்து வையி, ரோஹிணி. அவ மூஞ்சில முழிக்க என்னால முடியாது."

அதில் ஜோசபின் காதுக்கு எட்டியது நடுவாக்கியம் மட்டும்.

"நீங்க சரின்னா ஐயா ஆசைப்படியே வச்சிடலாம்" என்றார் போதகர்.

ரோஹிணி அம்மாவின் கல்லைப் பார்த்தாள்.

"முறைப்படியே வைங்க."

"ஏட்டி, பெத்த அப்பன் கேட்டத..."

"பேராயர்தானே, அத்தை. மக்களப் பாக்கட்டும்."

ஜோசபின் கூட்டத்துக்குள் பின்வாங்கினாள். அபூர்வம்தான்.

"உல்டா கரோ, பாய்!" என்று குழிவெட்டியவர்களிடம் திருப்பச் சொன்னார் போதகர். பெட்டி சுற்றித் திரும்பியது. பலகையை உருவி இறக்கும்போது ஒரு பக்கக் கயிறு வழுக்கியது. பெட்டி சரிந்தது. விரலில் இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் விட்ட மோதிரமாக இருக்கும். உள்ளே மரத்தில் இடித்தது.

டக். டக்.

"பாத்துப்பா, மெதுவா!"

ரோஹிணியின் வலது கால் தானாக ஓர் அடி முன்னால் போயிருந்தது. சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.