அரைச் சுற்று

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வயிறு எரிய ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரணம் கேப்டன். அந்த ஆள் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை; மருந்துக்கடை வைத்திருக்கிறான், ஞாயிறு காலையில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறான், அவ்வளவுதான். அந்த எட்டில் ஒருத்தி மெக்கானிக்கின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வாரம் முழுக்கக் குனிந்தே வேலை செய்து முதுகு போச்சு என்று சேர்ந்தவள், இப்போது வாயைத் திறந்தால் கேப்டன்தான். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் புருஷன் சொன்ன எதையும் அவள் ஒருநாளும் இப்படித் திருப்பிச் சொன்னதில்லை.

போதாக்குறைக்கு, கேப்டன் சொன்னாரென்று கிளிப் பெடல் வேறு போட்டுக்கொண்டு வந்தாள். ஷூவின் அடியில் ஒரு இரும்புத் துண்டு. அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நிற்பதற்கு முன் திருப்ப மறந்தால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான். அவள் பழகியபோது ஸீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவன் கேப்டன். மெக்கானிக் அதை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பார்த்தான். இறங்கிப் போய் நான் பிடிக்கிறேன் என்று சொல்ல கௌரவம் விடவில்லை. ஸீட்டில் இருந்த அந்தக் கை மட்டும் அவன் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

பெடலின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. முறுக்கினால் பிடி இறுகும், கால் லேசில் வராது. இதை மெக்கானிக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஆலன் கீயை எடுத்து இரண்டு பெடலிலும் அரைச் சுற்று முறுக்கினான். முறுக்கிய திருகின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடும் இழுத்தான். முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம்; லிஃப்ட் வேலையில் கைக்கு ஊறிப்போன பழக்கம் அது. இரண்டு தடவை விழுந்தால் தானாக விட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

மறுநாள் சிக்னலில் விழுந்தாள். முழங்கையில் மருந்து போட்டுவிடும்போது அவனுக்குக் குற்ற உணர்ச்சியும் சந்தோஷமும் சரிபாதியாக இருந்தன. "ஆரம்பத்துல எல்லாரும் விழத்தான் செய்வாங்க" என்று ஆறுதல் வேறு சொன்னான்.

அவள் விடுகிற மாதிரி இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் நடைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மாட்டுவதும் திருப்புவதுமாக நூறு தடவை. அடுத்த சனிக்கிழமை அவன் இன்னொரு அரைச் சுற்று முறுக்கினான், அவள் விழவில்லை. அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் முறுக்கிப் பார்த்தான். தூக்கம் கெட்டது அவனுக்குத்தான்.

நாலாம் ஞாயிறு கேப்டனே வீட்டு வாசல்வரை வந்தான், வாயெல்லாம் பல்லாக. மேம்பாலத்து ஏற்றத்தில் அத்தனை பேரையும் முந்தியது இவள்தானாம்.

"மத்தவங்களுக்கு மேட்டுல பெடலை இழுக்கும்போது கால் கழண்டுக்குது. இவங்களுக்கு அசையவே இல்ல. யாரோ விஷயம் தெரிஞ்சவங்க டைட் பண்ணிக் குடுத்திருக்காங்க."

கேப்டன் போனதும் மனைவி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அவன் அளவில் புது ஷூ, அடியில் இரும்புத் துண்டோடு. ஏறிப் பாருங்க என்று ஹாலிலேயே தன் சைக்கிளை நிறுத்தி ஸீட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்படிக் கூட நிற்பது இத்தனை நாள் ஏங்கிய விஷயமாயிற்றே, ஷூவை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். டக், டக். குதிகாலைத் திருப்பினான், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான், அப்போதும் வரவில்லை.

"ஒரு பெடலுக்கு நாலு சிவப்புக் கோடு" என்றாள் அவள். "அடையாளம் வச்சுட்டுத் தப்பு பண்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ரெண்டாவது வாரமே தெரியும். எதுக்குன்னு நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

கால் இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஓடி ஒளிய முடியாது.

"பொறாமைதான்" என்றான். "அந்த ஆள் ஸீட்டைப் பிடிச்சதுலேருந்து."

"என் முழங்கைத் தழும்பு இன்னும் மறையல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஆலன் கீயை எடுத்தாள். குனிந்து திருகைத் தளர்த்த வேண்டுமானால் ஸீட்டிலிருந்து கையை எடுத்தாக வேண்டும். எடுத்தாள். அவன் சைக்கிளோடு சோபாவின் கைப்பிடியில் மோதித் தரையில் விழுந்தான்.

அதே மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து அவன் முழங்கையில் போட்டுவிட்டாள்.

"ஆரம்பத்துல எல்லாரும் விழத்தான் செய்வாங்க" என்றாள். "அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குக் கிளம்பணும். நான் பிடிச்சுக்கறேன்."

மருந்தின் எரிச்சலில் அவனுக்குக் கண் கலங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "கேப்டனும் வராரா?"