பெட்டியில் குறைந்த நாலாயிரம்

பசுபதி அட்லாண்டிக் சிட்டிக்குச் சூதாடப் போவதில் ஷ்யாமளாவுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, ஜலஜா வரும்வரை.

அதுவரை சனிக்கிழமைகளில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கணவனும் மனைவியுமாகக் காரில் போவார்கள். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் அவர் பக்கத்து நாற்காலி அவளுடையது. சின்னச் சீட்டுகள் எத்தனை போயின, பெரியவை எத்தனை மிச்சம் என்று அவர் மனசுக்குள்ளேயே எண்ணுவார். பெரியவை மிஞ்சினால் ஆட்டம் நம் பக்கம். அப்போதுதான் பந்தயம் ஏறும். அப்போதும் ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க மாட்டார். வீட்டு அலமாரியில், பழைய குக்கர் பெட்டியில் ஐயாயிரம் இருந்தது. அதனால் ஐம்பது டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

தொண்ணூற்றாறில் அவர் ஆபீஸில் சேர்ந்த ஜலஜாவுக்கும் எண்ணத் தெரியும். தன் பங்காக ஐயாயிரம் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் பத்தாயிரம் ஆயிற்று, பந்தயம் நூறாயிற்று, பக்கத்து நாற்காலியும் ஜலஜாவுடையதாயிற்று. ஷ்யாமளா பிளாஸ்டிக் கப்பில் கால் டாலர்க் காசுகளை வைத்துக்கொண்டு ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவரைப் பசுபதி, பசுபதி என்று வாய் நிறையக் கூப்பிடுவது அங்கேயும் கேட்கும். பத்து வருடக் குடித்தனத்தில் ஷ்யாமளா ஒருமுறைகூட அவர் பேரைச் சொன்னதில்லை. என்னோடு வந்தால் ஐம்பது, அவளோடு வந்தால் நூறா என்று வயிறு எரிந்தது. காரணம் வெறும் கணக்கு என்று தெரியாமலில்லை. தெரிந்தும் எரிந்தது.

ஒரு வியாழக்கிழமை பெட்டியிலிருந்து நாலாயிரத்தை எடுத்துப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்தாள். செலவழிக்க அல்ல. அந்த நூறு குறைய வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பசுபதி வழக்கம்போல் பணத்தை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று ஷ்யாமளா ஸ்லாட் பக்கம் போகாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பெரிய சீட்டுகளாக மிஞ்சியிருந்த நேரத்தில் அவர் அறுபதை வைத்தார்.

"நூறு வைங்க பசுபதி. என்ன, கை நடுங்குதா?" என்றாள் ஜலஜா. சீட்டு எண்ணுகிறவர்களை வெளியேற்றிவிடுவார்கள்; சீட்டுப் போடும் டீலருக்குத் தமிழ் தெரியாதது வசதி.

"பெட்டில ஆறாயிரம்தான் இருக்கு. அதுக்கு அறுபதுதான்."

"பத்து இருந்துதே?"

"நாலு எனக்கு வேற செலவாயிடுச்சு."

ஜலஜா சிரிப்பை நிறுத்தினாள். அந்த ஆட்டத்தோடு கூட்டும் முடிந்தது. தன் ஐயாயிரம் திங்கட்கிழமை வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் காரில் போய்விட்டாள்.

திரும்பும் வழியில், பார்க்வே நெடுஞ்சாலையில் டோலுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தபடி ஷ்யாமளா சொன்னாள்: "நான்தாங்க எடுத்தேன்."

"தெரியும்."

"பின்னே ஏன் அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைப் பாத்து அவ சிரிக்க வேண்டாம்னுதான்."

வீட்டுக்கு வந்ததும் நாலாயிரத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் விளையாட முடியும், இனி அது தெரியாதே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் சனிக்கிழமைகளில் பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போனார்கள். கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போதும் அவர் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

நாலு வருடம் கழித்து அவர் இறந்துபோனபோது ஜலஜாவும் வந்தாள். நிறைய அழுதாள். தன்னைவிட அதிகமா என்று ஷ்யாமளா ஓரக்கண்ணால் பார்த்தாள். கிளம்பும்போது ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷர். அந்த நாலாயிரத்தை மட்டும் எங்க விட்டார்னு கடைசிவரைக்கும் சொல்லலை" என்றாள்.

உண்மை ஷ்யாமளாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் பேர் சுத்தமாகும். ஆனால் அவளுக்காக மட்டும் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதில் ஜலஜாவுக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

"எனக்கும் சொல்லலை" என்றாள்.