கண்ணுசாமி டாக்டரின் வண்டிக்குச் சார்ஜ் ஏறவில்லை

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பழைய பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்து கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் பேட்டரி ஏறாவிட்டால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று நாலு பக்கம் போட்டிருந்தார்கள். அடடா, துப்பறியும் கதை தோற்றுவிடும் போலிருக்கிறதே! அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "1938, புரட்டாசி. மல்லசமுத்திரத்துக் காடுகளின் மீது இளங்காற்று..." (சீ, காற்றா பேட்டரியை ஏற்றப்போகிறது? அடித்தாயிற்று.)

2.

மறுபடியும் வருகிறேன். மல்லசமுத்திரத்தில் கண்ணுசாமி என்றொரு டாக்டர். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய் வைத்தியம் பார்ப்பவர். அந்த வண்டியில் பேட்டரி செத்தால் எஞ்சினும் செத்தது. ஆயுதபூசை முடிந்த எட்டாம் நாள் அது எடப்பாடி போய்த் திரும்பும் வழியில் நின்றுபோக, டாக்டர் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தார்.

வண்டிக்கு வைத்தியர் மாதையன், பஞ்சு ஆலையில் எஞ்சின் ஃபிட்டர். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டான்: சின்னான் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை விடாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பான், அதுதான் கோளாறு. சின்னான் ஆறு வருஷமாக டாக்டரின் மருந்துக்கூடத்தில் சீசா கழுவுகிறவர். பேட்டரிக்குத் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. டாக்டர் மறுபேச்சில்லாமல் நம்பினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சின்னானிடம் சொல்லிவிட்டார்.*

(* முதல் பிரதியில் நானும் சின்னானைத்தான் குற்றவாளியாக எழுதினேன். மாதையனைவிடப் பதினைந்து வயது மூத்தவரை "வந்தான், போனான்" என்றும் எழுதியிருந்தேன். கையேடுதான் என் காதைத் திருகியது: தண்ணீர் கெட்டால் பேட்டரி கெடும், அதற்குக் கரண்டு ஊட்டும் டைனமோ கெடாது.)

3.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் கிட்டே வாருங்கள். மறுநாள் காலை மாதையன் பஸ்காரர் ஒருவரிடம் பேட்டரி இரவல் வாங்கி மாட்டினான். சின்னானின் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படாத பேட்டரி. உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரைப் பார்த்தான். முள் இறங்குகிற பக்கமே கிடந்தது. கைப்பிடியை முறுக்கி எஞ்சினை வேகப்படுத்திப் பார்த்தான், முள் அசையவில்லை.

ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான், எல்லாம் கெட்டியாக இருந்தன. டைனமோவிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி அங்கேயே நேராக ஒரு பல்பைச் சேர்த்து எஞ்சினை முடுக்கினான். பல்பு மினுங்கக்கூட இல்லை. அப்படியானால் கரண்டு பிறக்கிற இடத்திலேயே கோளாறு! (இந்த இடத்தில் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு வந்தேன்.)

டைனமோவின் மூடித் தகட்டைக் கழற்றினான். உள்ளே சுழலும் செம்பு உருளையை உரசிக்கொண்டே இருக்க வேண்டிய கரித்துண்டு, கீழே இறங்க முடியாமல் தன் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்தது காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

வைத்தது யார்? அவனேதான். ஆயுதபூசையன்று வண்டியைக் கழுவித் துடைத்து, வெளியே வைக்கிற பொட்டு புழுதியில் நிற்பதில்லை, உள்ளே வைத்தால் வருஷம் பூராவும் நிற்கும் என்று மூடியைத் திறந்து தாராளமாக அப்பியிருந்தான். அதற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வண்டி பேட்டரியில் மிச்சமிருந்த கரண்டைத் தின்றே ஓடியிருக்கிறது.

4.

பெட்ரோல் துணியால் துடைத்தான். கரித்துண்டு டக்கென்று இறங்கிச் செம்பில் உட்கார்ந்தது. ஒயரை மாட்டி உதைத்தான். அம்மாடி, முள் துள்ளி எழுந்து ஏறுகிற பக்கம் சாய்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து மாதையன் சிரித்துவிட்டான். சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்து முதுகில் தட்டினார். என்ன கோளாறு என்று கேட்டார். மருந்துக்கூடச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த சின்னானும் அப்போது வாசலில் நின்றிருந்தார்.

தண்ணீரும் கெட்டது, கரியும் தேய்ந்தது என்று மாதையன் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஊரே நம்பும், பழி மட்டும் சின்னான் தலையிலேயே கிடக்கும். அவன் சின்னானின் காலில் விழுந்து அழுவதாக இன்னொன்று எழுதினேன். நாடகக் கொட்டகை வாடை அடித்தது, கிழித்துப் போட்டேன். டாக்டரே துணியில் இருக்கும் குங்குமத்தைக் கவனித்து... (வேண்டாம். அது மாதையனைச் சுலபமாகத் தப்பவிடுகிற வேலை.)

அதற்குள் சின்னான் கிட்டே வந்து முள்ளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோய் மாதையனிடம் திரும்பினார்.

"அப்போ என்ர தண்ணியில கோளாறு இல்லீங்களா, சாமி?"

மாதையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னையும்தான். ஒரு தடவை அந்த மனிதரைக் குற்றவாளியாக எழுதிய கை இது, இந்தப் பதிலை எழுத இதற்கு யோக்கியதை இல்லை. கிணற்றுத் தண்ணீர் என்றதும் நீங்களும் கொஞ்சம் நம்பினீர்கள்தானே? ஆகவே உங்களிடமே விடுகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் காத்திருக்கிறார். சின்னான் கையில் இன்னும் சாவி இருக்கிறது. மாதையன் வாயைத் திறக்கிறான்:

"........................................"